ஒப்பந்தம் டெல்லியில், ஓட்டு அம்பத்தூரில்

2001 மார்ச் 31 அன்று மத்திய வணிகத்துறை அமைச்சர் முரசொலி மாறன் டெல்லியில் புதிய ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கையை வெளியிட்டார். அதுவரை மிச்சமிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு மறுநாளே நீங்கியது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றதன் விளைவு அது. மாறன் ஆசைப்பட்டு எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கையெழுத்து அவருடையது. அவர் தி.மு.க.வின் முன்னணித் தலைவர், மத்திய சென்னையின் எம்.பி. அதற்கு நாற்பதே நாளில், மே 10 அன்று, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தது. தி.மு.க. ஆட்சியை இழந்தது, அ.தி.மு.க. அணிக்கு 196 இடங்கள்.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் அன்றைக்கும் அதிகமில்லை. பா.ம.க.வும் த.மா.கா.வும் ஜெயலலிதா பக்கம் போனது, ம.தி.மு.க. தனியே நின்றது, தி.மு.க. சாதிக் கட்சிகளை அணைத்துக்கொண்டது என்று தோல்விக்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் கூட்டணிக் கணக்குதான். நானும் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதிக் கதவு திறந்தால் முதலில் குளிர் அடிக்கவேண்டிய இடம் ஒன்று சென்னையின் மேற்கே இருக்கிறது. ஆர். வெங்கடராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதையொட்டிப் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலைகள், டிஐ சைக்கிள்ஸ், இப்போது இல்லாத டன்லப், ஆவடியில் ராணுவ டாங்கி ஆலை. வெளிநாட்டுச் சரக்குக்குப் போட்ட வேலியின் நிழலில் வளர்ந்த வட்டாரம் இது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் இதே ஆவடியில்தான். அப்படிப்பட்ட இடத்திலேயே வர்த்தகக் கொள்கை தேர்தல் பேச்சாகவில்லை என்றால், வேட்பாளரின் நிலைப்பாட்டுக்கும் வாக்குக்கும் இடையே என்னதான் நடக்கிறது?

இந்தக் கேள்வியை அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கட்சியின் வேட்பாளரையே வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதற்சுற்றுத் தேர்தலைப் பிரைமரி என்பார்கள். 2016 மார்ச் 8 அன்று நடந்த மிச்சிகன் பிரைமரியில் ஹிலாரி கிளின்டன் இருபது புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. வென்றவர் பெர்னி சாண்டர்ஸ். கார் ஆலைகள் மூடிக்கிடந்த மாநிலத்தில், மெக்சிகோ, கனடாவுடன் 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா ஒப்பந்தத்தை எதிர்த்தவர் அவர். வெளிநாட்டு வர்த்தகம் வேலையைப் பறிக்கிறது என்று வாக்குச்சாவடி வாசலில் சொன்னவர்கள் பாதிக்கு மேல். வர்த்தக நிலைப்பாடு வாக்கைத் திருப்பும் என்பதற்கு இன்றுவரை காட்டப்படும் உதாரணம் இதுதான். ஒரே வாரத்தில், மார்ச் 15 அன்று, பக்கத்து ஒஹையோவில் அதே சாண்டர்ஸ் அதே பேச்சைப் பேசி, கிளின்டனிடம் தெளிவாகத் தோற்றார். உதாரணம் காட்டுபவர்கள் ஒஹையோவைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆய்வுகளும் இதே இழுபறியில்தான் இருக்கின்றன. மத்திய அமெரிக்க நாடுகளுடனான காஃப்டா ஒப்பந்தத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களித்த செனட்டர்கள் 2006 தேர்தலில் அதற்காகக் கணக்குக் கேட்கப்பட்டார்களா என்று அலெக்சாண்ட்ரா கைசிங்கர் பார்த்தார். தம் செனட்டர் எப்படி வாக்களித்தார் என்பதே வாக்காளர்களில் பலருக்குத் தெரியவில்லை. எட்வர்ட் மான்ஸ்ஃபீல்டும் டயானா மட்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. ஒருவர் வர்த்தகத்தை எதிர்ப்பதும் ஆதரிப்பதும் அவருடைய சொந்த வேலையைப் பொறுத்ததல்ல. நாட்டுக்கு என்ன ஆகிறது என்ற எண்ணமும், அந்நியர் மீதான அச்சமுமே கூடுதலாக வேலை செய்கின்றன என்றார்கள். டேவிட் ஆட்டரும் சகாக்களும் 2020இல் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். சீன இறக்குமதியால் அடிபட்ட மாவட்டங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அரசியலின் ஓரங்களுக்கு நகர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆக, ஒப்பந்தத்தைப் பற்றி வேட்பாளர் என்ன சொன்னார் என்பது வாக்காளருக்கு எட்டாமல் போகலாம், ஆனால் ஒப்பந்தம் விட்டுச்சென்ற காயம் எட்டுகிறது. அந்தக் காயத்துக்கு யார் பெயரைச் சூட்டுவது என்பதில்தான் அரசியல் நடக்கிறது. என் பார்வையில், அம்பத்தூரைப் புரிந்துகொள்ள அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது இந்த ஒன்றுதான்.

ஏனென்றால் மற்ற ஏற்பாடுகள் எதுவும் இங்கே பொருந்தாது. நம் ஊரில் விருப்ப மனு உண்டு, கட்டணம் உண்டு, தலைமை அலுவலகத்தில் நேர்காணல் உண்டு. பட்டியல் மேலிருந்து வரும். 2014இல் ராகுல் காந்தி சில மக்களவைத் தொகுதிகளில் பிரைமரி மாதிரி ஒன்றை முயன்று பார்த்தார். வாக்களித்தவர்கள் கட்சி நிர்வாகிகள். முயற்சியும் அதோடு நின்றது. நேர்காணலில் சாதி பலம், செலவு செய்யும் தெம்பு, போன தேர்தலில் பூத் வாரியாக விழுந்த ஓட்டு எல்லாம் பேசப்படும். தென்கிழக்காசிய நாடுகளுடனான ஆசியான் ஒப்பந்தத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று எந்தத் தலைவரும் கேட்கமாட்டார்.

கேட்டாலும் பயனில்லை. வெளிநாட்டு வர்த்தகமும் சுங்க வரியும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. சர்வதேச ஒப்பந்தத்தில் மத்திய அமைச்சரவை கையெழுத்திடலாம். நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற விதி கிடையாது. வரிக்குறைப்பு பெரும்பாலும் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி ஓர் அறிவிக்கையாக அரசிதழில் வந்துவிடும். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வந்தாலும், 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொல்லை மீறிக் கை தூக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். அம்பத்தூர் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தனித்தொகுதியிலும் இருக்கின்றன. இந்த இரண்டு எம்.பி.க்களில் ஒருவர் வர்த்தக ஒப்பந்தத்தை உளமார எதிர்த்தாலும் அந்த எதிர்ப்பு ஒப்பந்தத்தைத் தடுக்காது. எம்.எல்.ஏ.வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் வணிகத்துறையைத் தமிழகத்தோடு தொடர்புடையவர்கள் பலமுறை நடத்தியிருக்கிறார்கள். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சுப்பிரமணியன் சுவாமி, 1991இல் இறக்குமதி லைசென்ஸ் முறையைத் தளர்த்திய ப. சிதம்பரம், மாறன், நிர்மலா சீதாராமன். 2001 நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தோகா மாநாட்டில் பணக்கார நாடுகளை எதிர்த்து மாறன் பிடித்த பிடிவாதம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கட்சி மேடைகளில் அது பெருமையாகப் பேசப்பட்டது. எந்த வார்டிலும் அது ஓட்டானதாகச் சொல்வாரில்லை. 1996 பொதுத்தேர்தலையொட்டி நடந்த தேசிய ஆய்வில் பொருளாதாரச் சீர்திருத்தங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்ன வாக்காளர்கள் 19 சதவீதம்தான். அதை வைத்து அசுதோஷ் வர்ஷ்ணே, சுங்க வரியும் அந்நியச் செலாவணியும் மேட்டுக்குடி அரசியல், சாதியும் மதமும் மக்கள் அரசியல் என்று பிரித்தார். பொதுவாகச் சரியான பிரிவு. ஆனால் அம்பத்தூரில் லேத் ஓட்டுபவரும் ஷாப் எனப்படும் பட்டறையின் உரிமையாளரும் சுங்க வரியை அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும் அது ஓட்டாகவில்லை. அதற்குக் காரணத்தை ஷாப்புக்குள்ளேதான் தேட வேண்டும்.

பட்டரவாக்கம் பக்கம் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒரு ஷெட்டில் நான்கு சிஎன்சி மிஷின். கார் கம்பெனிக்கு நேரடியாக அல்ல, கார் கம்பெனிக்கு சப்ளை செய்பவருக்கு சப்ளை செய்பவர். ராடு வாங்கி, அறுத்து, கடைந்து, துளையிட்டு, கேஜ் வைத்துப் பார்த்து டிரேயில் அடுக்கி அனுப்புகிறார். மாதத் தொடக்கத்தில் மேலே இருந்து ஷெட்யூல் வரும். எத்தனை பீஸ் என்பது அதில்தான் தெரியும். ஸ்டீல் விலை ஏறினால் பீஸ் ரேட்டைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். அது கனிந்துவர மாதக்கணக்காகும், அதுவரை நஷ்டம் இவருடையது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு வெளிநாட்டுத் தகட்டு உருக்கு மீது 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது. பெரிய உருக்கு ஆலைகளுக்கு அது காப்பு. தகடு வாங்கி பிரஸ்ஸிங் செய்யும் பக்கத்து ஷெட்காரருக்கு அது செலவு. எதிர் ஷெட்டில் ஒருவர் சீனாவிலிருந்து வரும் இதே மாதிரிப் பொருளோடு போட்டி போட முடியாமல் டூல் ரூமை மூடிவிட்டு, சீனப் பொருளையே வாங்கி விற்கத் தொடங்கியிருப்பார். மூன்றாவது ஷெட்காரர் சீன மிஷின் மலிவாக வந்ததால்தான் தொழிலே ஆரம்பித்தார். ஒரே தெரு, ஒரே டீக்கடை, ஆனால் வரி ஏறினால் சிரிப்பவரும் இறங்கினால் சிரிப்பவரும் வேறுவேறு ஆட்கள்.

2010 ஜனவரி 1 அன்று ஆசியான் ஒப்பந்தமும் கொரியாவுடனான ஒப்பந்தமும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்குக் கொரியாவிலிருந்து பாகம் குறைந்த வரியில் வந்தது. உள்நாட்டு உதிரிபாகத் துறை முனகியது. அதே நேரத்தில் ஹூண்டாயின் உற்பத்தியை நம்பி வேலை பெற்ற அம்பத்தூர் ஷாப்புகளும் உண்டு. இந்த நிலையில் ஒப்பந்தத்துக்கு ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ சொல்லும் வேட்பாளர் ஒரே தெருவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொள்வார். எதுவும் சொல்லாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று அவருக்குத் தெரியும்.

எனவே தொழிற்சங்கத்தாரும் உற்பத்தியாளர் சங்கத்தாரும் வேட்பாளரிடம் கொடுக்கும் மனுக்களில் எல்லாருக்கும் பொதுவானதுதான் இடம்பெறும். மழைநீர் வடிகால், ரோடு, தெருவிளக்கு, மின்சாரத்தின் டிமாண்ட் சார்ஜ், சிட்கோ மனைக்கான பத்திரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து மிஷின்கள் மூழ்கின. அதற்குப் பிறகு அங்கே போய்ச் சுங்க வரி பேசுகிறவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

ஓட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஷாப் உரிமையாளர் அண்ணா நகரில் குடியிருக்கலாம். அவர் ஓட்டு அங்கே. மிஷினில் நிற்கும் பையன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். அவர் ஓட்டு ஊரில். ஷெட்யூல் குறைந்து ஓவர்டைம் நின்றால் முதலில் அடிபடுகிற இந்த இருவரும் அம்பத்தூர் வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கிறவர்களில் ஒரு பெரும் பகுதி தொழிற்பேட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற நடுத்தரக் குடும்பங்கள். பூந்தமல்லியில் இது இன்னும் கூடுதல். பெங்களூர் நெடுஞ்சாலையோரக் கிடங்குகளில் வேலை பார்க்கிறவருக்குச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, லோடு இருந்தால் போதும்.

வர்த்தக ஒப்பந்தம் தேர்தல் பேச்சே ஆகாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆகியிருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று மார்க்சிஸ்ட் கட்சி கேரளத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை மனிதச் சங்கிலி நடத்தியது. ரப்பர், மிளகு, பாமாயில், மீன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொருள் இருந்தது. ரப்பர் விலை அங்கே தினசரிகளில் வருகிறது. தோட்டக்காரர் காலையில் காபியோடு அதைப் படிக்கிறார். சிஎன்சி ஷாப்பின் பீஸ் ரேட் எந்தப் பேப்பரிலும் வராது. அது பர்ச்சேஸ் ஆர்டருக்குள் இருக்கும் ரகசியம். விலை ஊரறிந்ததாக இருந்தால்தான் ஒப்பந்தம் ஊர்ப் பேச்சாகும். 2023இல் தலச்சேரி பேராயர் ஒருவர், ரப்பருக்குக் கிலோ 300 ரூபாய் கிடைக்கச் செய்தால் கேரளத்தில் எம்.பி. இல்லாத பா.ஜ.க.வின் குறையைத் தீர்த்துவைப்போம் என்ற பொருளில் பேசியது அதனால்தான் சாத்தியமாயிற்று. அம்பத்தூரில் அப்படி ஒரு பேரம் பேச ஒற்றை விலை கிடையாது.

ஆனால் கேரளத்திலும் பேச்சு வேறு, பெட்டி வேறு. மனிதச் சங்கிலி முடிந்து ஐந்து வாரத்தில் கண்ணூர், ஆலப்புழை, எர்ணாகுளம் என மூன்று தொகுதிகளில் இடைத்தேர்தல் வந்தது. மூன்றிலும் வென்றது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட காங்கிரஸின் அணி. இலங்கையிலும் ஏறக்குறைய இதே கதை. இந்தியாவுடனான எட்கா ஒப்பந்தத்தை ஆண்டுக்கணக்காக எதிர்த்த ஜே.வி.பி.யின் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார். ஒப்பந்த எதிர்ப்பு அவருக்கு ஒரு அடையாளத்தைக் கொடுத்தது. வாக்கைக் கொடுத்தது பொருளாதாரச் சரிவும் ஊழல் மீதான கோபமும். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் வெளியான கூட்டறிக்கை எட்கா பேச்சுவார்த்தை தொடரும் என்றது. கட்சிக்காரர்களுக்குச் சங்கடம், வாக்காளர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

இப்போது காயத்துக்குப் பெயர் சூட்டும் விஷயத்துக்கு வருவோம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் வாகன விற்பனை சரிந்து, ஷெட்யூல்கள் வெட்டப்பட்டன. அதே பருவத்தில்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டும் தொடங்கியது. ஆர்டர் குறைந்ததற்கும் மிஷின் நின்றதற்கும் மக்கள் மனதில் ஒரே காரணம் பதிந்துவிட்டது. லேமன் பிரதர்ஸைத் திட்டியவர் யாருமில்லை. மின்துறை அமைச்சர் ஆற்காடு வீராசாமியைத் திட்டாதவரும் யாருமில்லை. 2011இல் தி.மு.க. 23 இடங்களோடு நின்றதற்கு மின்வெட்டு ஒரு பெரிய காரணம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு உலகச் சந்தை கிளப்பியது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பற்று எழுதப்பட்டது மாநில அரசின் பேரேட்டில்.

இது தொடர்கிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. 2023 செப்டம்பர் 25 அன்று சிறுதொழில் அமைப்புகள் மாநிலம் முழுவதும் ஒருநாள் கதவடைத்தன. சீனப் பொருளின் விலைக்கு நிகராக விற்கமுடியாத ஷாப்காரர் தன் கைக்கு எட்டுகிற செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார். சீனாவின் விலை அவர் கைக்கு எட்டாது, ஈபி பில் எட்டும். எந்த அலுவலகத்து வாசலில் போய் நிற்பது என்று தெரிந்த குறையே தேர்தல் குறையாகிறது. ஜி.எஸ்.டி. கதையும் அப்படித்தான். 2017 ஜூலையில் வந்த வரி மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யவைத்து, ஆடிட்டர் ஃபீஸ் கேட்டு, ஒவ்வொரு ஷாப்பிலும் முகத்தைக் காட்டியது. ஜாப் ஒர்க் மீதான 18 சதவீதத்தை எதிர்த்துக் கோவையும் அம்பத்தூரும் சத்தம் போட்டன. 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய கவுன்சில், பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு அதை 12 ஆக்கியது. இந்த வரியைப் பற்றி வேட்பாளர்கள் வாய் திறந்தார்கள். ஆசியான் வரிக்குறைப்பைப் பற்றித் திறக்கவில்லை. இரண்டில் எது ஷாப்பை அதிகம் பாதித்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதல்ல.

ஆவடியில் வர்த்தகக் கொள்கை வேறு வேடத்தில் வந்தது. 1960களிலிருந்து டாங்கி செய்யும் ஆலையும் ராணுவ உடைகள் தைக்கும் ஆலையும் அந்த ஊரின் சம்பளம், குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாமாக இருந்தவை. 2020 மே மாதம் நிர்மலா சீதாராமன் படைக்கலன் தொழிற்சாலை வாரியத்தை நிறுவனங்களாக்கும் முடிவை அறிவித்தார். பாதுகாப்புத் துறையில் முன் அனுமதியின்றி வரக்கூடிய அந்நிய முதலீட்டின் வரம்பு 74 சதவீதமாக உயரும் என்றும் அப்போதே சொல்லப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. டாங்கி ஆலையை உள்ளடக்கிய நிறுவனத்துக்கு ஆவடியே தலைமையிடம். இங்கே மட்டும் நிலைப்பாடு வாக்காளருக்கு நேராக எட்டியது, ஏனென்றால் பாதிப்பு யாருக்கு என்பது அடையாள அட்டையிலேயே இருந்தது. 2016இல் அ.தி.மு.க.வின் க. பாண்டியராஜன் 1,395 வாக்கில் வென்ற தொகுதியை 2021 ஏப்ரல் தேர்தலில் தி.மு.க.வின் சா.மு. நாசர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கில் பிடித்தார். மாநிலம் முழுவதும் அடித்த காற்று அங்கேயும் அடித்ததால், இதில் ஆலைக் குடும்பங்களின் பங்கைத் தனியே பிரித்து எடை போட முடியாது. இருந்தாலும் அந்நிய முதலீட்டை எதிர்ப்பது ஆவடியில் ஓட்டுப் பேச்சாகவும், மூன்று ரயில் நிலையம் தள்ளி அம்பத்தூரில் கருத்தரங்குப் பேச்சாகவும் இருப்பதற்கு ஒரே சம்பளம் கொடுக்கும் ஒரே முதலாளி என்ற அமைப்பைத்தான் நான் காரணம் சொல்வேன். கேரளத்து ரப்பருக்கு ஒற்றை விலை செய்த வேலையை இங்கே ஒற்றை முதலாளி செய்கிறார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது இந்தப் பாடம் மறுபடி தெரிந்தது. இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 20 சதவீதம், தமிழ்நாட்டுக்கோ 31 சதவீதம் என்று சுட்டிக்காட்டி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வாகன உதிரிபாகங்களுக்குத் தனியாக 25 சதவீத வரி அந்த ஆண்டு மே மாதமே வந்திருந்தது. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் பேசப்பட்ட ஊர் திருப்பூர். பனியன் ஒரே தொழில், ஒரே ஊர், அமெரிக்கா அதன் முக்கிய வாடிக்கையாளர் நாடு. அம்பத்தூரின் பாகம் இன்னொரு பாகத்துக்குள் புகுந்து, அது கியர் பாக்ஸுக்குள் புகுந்து, அது கப்பல் ஏறுகிறது. தன் பீஸ் அமெரிக்கா போகிறதா என்பதே பல ஷாப்காரர்களுக்கு ஷெட்யூல் குறைந்த பிறகுதான் தெரியவரும்.

முதல்வரின் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? முகவரி பிரதமருடையது. படிக்கவேண்டியவர்கள் ஏற்றுமதியாளர் சங்கங்கள், கூட்டணிக் கட்சிகள், பத்திரிகைகள். வர்த்தக நிலைப்பாடு தமிழ்நாட்டில் புழங்குவது இந்த மேல் தளத்தில்தான். அமெரிக்க பிரைமரி வாக்காளர் செய்கிற வேலையை இங்கே சங்க நிர்வாகிகளும் கட்சித் தலைமையும் செய்கிறார்கள். தொகுதி வேட்பாளர் அந்தத் தளத்தில் இல்லை, அவருடைய வாக்காளரும் இல்லை.

இதில் கால அளவு என்று ஒன்றும் இருக்கிறது. ஒப்பந்தங்கள் ஒரே நாளில் வரியை எடுத்துவிடுவதில்லை. ஆசியான் ஒப்பந்தத்தில் மன்மோகன் சிங் அரசு கையெழுத்திட்டது. படிப்படியான குறைப்பு மோடி ஆட்சிவரை நீண்டது. 2026 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியத்துடன் முடிவான ஒப்பந்தத்தில் கார்களுக்கு ஆண்டுக்கு 2,50,000 என்ற வரம்புக்குள் வரி 10 சதவீதம்வரை இறங்கும். வாகன உதிரிபாகங்களின் வரி ஐந்து முதல் பத்தாண்டுகளில் அறவே போகும். அதாவது இன்னும் ஒன்றிரண்டு மக்களவைத் தேர்தலும் அதே அளவு சட்டமன்றத் தேர்தலும் கடந்துதான் அம்பத்தூர் ஷாப்புகளில் அதன் முழு எடை இறங்கும். அப்போது ஷெட்யூல் கூடினால் அன்றைய ஆட்சி தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளும். குறைந்தால், அந்த வருஷம் மின்கட்டணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தலையில் விழும்.